காலையில் வெள்ளைப் புகை, ஐடிலில் உதறல்: பம்பை இறக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: 2014 மாடல் ஆறு சிலிண்டர் லாரி. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை கக்குகிறது, ஐடிலில் உதறுகிறது, பத்து நிமிடம் ஓடியதும் ஓரளவு அடங்குகிறது. மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றி இறக்கச் சொல்கிறார், இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நான் இறக்கிப் பட்டவன். என் பழைய வண்டிக்கும் இதே கோளாறுதான். பம்பை இறக்கி, காலிப்ரேஷன் செய்து, அதாவது டீசல் அளவைச் சரிபார்த்து மாட்டினோம். மறுநாள் காலையில் அதே புகை, அதே உதறல். அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன், வயிறு எரிய.

அப்புறம் நாமக்கல்லில் ஒரு வயதான மிஸ்திரியிடம் விட்டேன். அவர் கையில் ஒரு ஸ்பேனரும் பழைய துணியும் மட்டும்தான். "ரேஸ் கொடுக்காதீங்க தம்பி, ஐடில்லயே ஓடட்டும்" என்றார். முதல் நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் முனைக்கு, போகும் பைப்பின் யூனியன் நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்று தளர்த்தினார். டீசல் கசிந்தது, என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கி உதறல் கூடியது. இறுக்கிவிட்டு இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் அதே மாற்றம். நாலாவதைத் தளர்த்தினார். ஒன்றுமே ஆகவில்லை. அந்த சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அதோடு நிற்கவில்லை. நாலாவது நாசிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டார், இரண்டாவதை நாலாவதில். மறுபடி ஸ்டார்ட். இப்போது இரண்டாவது செத்தது, நாலாவது பிழைத்தது. கோளாறு நாசிலோடு இடம் மாறினால் குற்றவாளி நாசில். மாறாமல் அதே சிலிண்டரிலேயே இருந்தால் கம்ப்ரஷன், வால்வு, இல்லையென்றால் பம்பில் அந்த லைனுக்கு டீசலைத் தள்ளும் பாகமான எலிமென்ட். பம்பை இறக்கும் பேச்சு அதற்கப்புறம்தான்.

நாசில் மாற்றும்போது ஒரு விஷயம். அடியில் இருக்கும் செப்பு வாஷர் பல சமயம் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் மேலே புது வாஷரைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து நிற்கும், டீசல் சரியான இடத்தில் தெளிக்காது. புது நாசில் போட்டும் புகை நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் டார்ச் அடித்துக் குழியைப் பாருங்கள்.

இந்த நட் தளர்த்தும் வேலையெல்லாம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எலிமென்ட் உள்ள பழைய இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டும். உங்களுடையது காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் தொடவே தொடாதீர்கள். அதில் ஓடும் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், தோலைத் துளைத்து டீசல் உள்ளே இறங்கிவிடும். அதற்கு வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர்தான். ஸ்கேனர் இல்லையென்றால், ஆறின என்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஆறு கிளையிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். எதில் 'சுர்' என்று ஆவியாகாமல் வழிகிறதோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

புகையின் வாசனையையும் பாருங்கள். கண் எரிந்து டீசல் நாற்றம் அடித்தால் எரியாத டீசல். இனிப்பான வாசனை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது, சூடான பிறகும் வெள்ளை நிற்காதது என்றால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) பக்கம் சந்தேகம். அதை ஓட்டித் தள்ளாதீர்கள். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். நீலம் என்றால் வண்டி ஆயில் குடிக்கிறது, அது தனிக் கதை.

உங்களுக்கு இன்னொரு சாத்தியமும் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கி லைனில் காற்று ஏறியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யுமுன் ஹேண்ட் பிரைமரை, அதாவது டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்பை, அடித்துப் பாருங்கள். அடித்த அன்று மட்டும் உதறல் இல்லையென்றால் பெரும்பாலும் டீசல் லைனில் உள்ள வாஷரோ ஹோஸோதான், செலவு சொற்பம்.

நாசில் ஒழுகியிருந்தால் டீசல் கீழே ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்து டீசல் வாசனை அடித்தால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு அப்புறம் லோடு ஏற்றுங்கள்.