மழை பெஞ்சா மெயின் விழுதா? தீபாவளி லைட்டு கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க ஜெலுத்தோங்ல தெரஸ் வீட்டுல இருக்கோம். தீபாவளிக்கு கேட்டுலயும் போர்ச்சுலயும் லிப்லாப் லைட்டு, அதான் மினுக்குற சர லைட்டு, போட்டிருக்கோம், சாயங்காலம் மழை பெஞ்சா போதும், மெயின் டப்புனு விழுந்து வீடே இருட்டு, ஐஸ்பெட்டி கூட நின்னுடுது. லைட்டு சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மெயின தூக்குனாலும் நிக்க மாட்டேங்குது. மறுநாள் வெயில் வந்துட்டா எல்லாம் நல்லா எரியுது. பக்கத்து வீட்டு அங்கிள் "அந்த 30-ஐ கழட்டிட்டு 100 போடு, விழாது"ங்கிறாரு, வீட்டுக்காரர் பிளக்க பிளாஸ்டிக் பையில சுத்தி கட்டிடலாம்ங்கிறாரு. யார் சொல்றத கேக்குறது?
- ஒரு வாசகி, பினாங்கு

பதில்: ரெண்டுமே வேணாம் தங்கச்சி. அங்கிள் சொன்னத முதல்ல பேசிடுறேன், ஏன்னா அது உயிர் விஷயம். டிபி பாக்ஸ்ல, அதான் வீட்டு மெயின் சுவிட்ச் எல்லாம் இருக்கிற பெட்டியில, டெஸ்ட் பட்டனோட ஒண்ணு இருக்கே, அதுதான் ஆர்சிசிபி, கரண்டு லீக் ஆனா தானா வெட்டுற சுவிட்ச், பெரியவங்க இன்னும் இஎல்சிபின்னுதான் சொல்வாங்க. நீங்க மெயின் விழுதுன்னு சொல்றது இதத்தான். லைவ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துகிட்டே இருக்கும், குறைஞ்சா மிச்சம் வேற எங்கயோ மண்ணுக்கு இறங்குதுன்னு அர்த்தம். அது ஈர கேட்டு வழியா இறங்கலாம், கேட்ட பிடிச்சுகிட்டு நிக்கிற பிள்ளை வழியாவும் இறங்கலாம். 30ங்கிறது 30 மில்லி ஆம்பியர், ஆள் உயிர காப்பாத்த வெச்ச அளவு. 100 போட்டா லீக்கால தீ பிடிக்கிறத தடுக்க அது உதவும், ஆள காப்பாத்தும்னு நம்ப முடியாது. வயர்மேனே சொன்னாலும் பிளக் பாயிண்டுக்கு 30-ஐ மாத்த விடாதீங்க.

அடுத்து, சுவிட்ச் ஆஃப்ல இருந்தும் ஏன் விழுது? நம்ம வீட்டு பிளக் பாயிண்டு சுவிட்ச் பெரும்பாலும் லைவ் வயர மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொட்டுகிட்டுதான் இருக்கும். வெளிய தண்ணி புகுந்த இடத்துல நியூட்ரலும் எர்த்தும் சேந்துகிச்சுன்னா வீட்டுல வேற சாமான் இழுக்கிற கரண்டுல கொஞ்சம் அந்த வழியா ஓடிடும், ஏர்கான் போட்ட உடனே விழுதுன்னா இதுவா இருக்க நிறைய வாய்ப்பு. அதனால சுவிட்ச் ஆஃப் பண்ணா பத்தாது, பிளக்கையே உருவணும்.

எப்படி தேடுறதுன்னா, முதல்ல மெயின ஆஃப் பண்ணிடுங்க, கை காய்ஞ்சிருக்கணும், கால்ல ரப்பர் சிலிப்பர் இருக்கணும், அப்புறமாதான் ஈர பிளக்க தொடணும். வெளிய போற எல்லா பிளக்கையும் உருவிட்டு மெயின தூக்குங்க. நின்னுச்சுன்னா குத்தம் லைட்டு செட்டுலயோ எக்ஸ்டென்ஷன்லயோதான். எல்லாத்தையும் நல்லா காய வெச்சு, வீட்டுக்குள்ள காய்ஞ்ச இடத்துல ஒவ்வொண்ணா சொருகி பாருங்க, எது விழ வைக்குதோ அத தூக்கி ஓரமா வைங்க. ஒண்ணு ஒண்ணா போட்டா நின்னு, எல்லாம் சேந்தா மட்டும் விழுதுன்னா, சின்ன சின்ன லீக்கெல்லாம் கூடிடுச்சுன்னு அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 மில்லி ஆம்பியருக்கு மேல எங்க வேணும்னாலும் விழலாம், அதுல வாஷிங் மெஷின், கம்பியூட்டர் எல்லாம் ஏற்கனவே கொஞ்சம் கொஞ்சம் கசிய விட்டுகிட்டுதான் இருக்கும்.

எல்லாத்தையும் உருவியும் நிக்கலைன்னா லைட்ட திட்டாதீங்க, ஆட்டோகேட் மோட்டார், கேட்டு தூண் லைட்டு, காலிங் பெல் இதுல எதுலயாவது தண்ணி போயிருக்கலாம். அதுக்கு மேல நீங்க கை வைக்காதீங்க, சுருஹான்ஜாயா தெனாகால, அதான் அரசாங்க எரிசக்தி ஆணையத்துல, பதிஞ்ச வயர்மேன கூப்பிடுங்க.

என் சந்தேகம் முதல்ல எக்ஸ்டென்ஷன் மேலதான். தரையில கிடக்கும், அதுக்குள்ள லைவ், நியூட்ரல், எர்த் மூணும் பக்கத்துல பக்கத்துல, ஒரு சொட்டு அழுக்கு தண்ணி போதும். அப்புறம் செட்டோட செட்ட சேக்குற ஜாயிண்டு, ஆணியோ ஸ்டேப்பிளோ குத்துன வயர். உங்க லைட்டு அடாப்டர் வெச்ச 24 வோல்ட் மாதிரி ரகமா இருந்தா இன்னும் சுலபம், அடாப்டருக்கு அந்தப் பக்கம் நனைஞ்சா லைட்டு மினுக்கும், அணைஞ்சு போகும், ஆனா மெயின் பொதுவா விழாது, அதனால அடாப்டரையும் அதுக்கு முன்னாடி இருக்கிற பிளக்கையும் பாருங்க. வெயில்ல காய்ஞ்சு மறுபடி எரியுதேன்னு விட்டுடாதீங்க, உள்ள செம்பு பச்சை பிடிச்சிருக்கும், அடுத்த மழையில இன்னும் சீக்கிரமா விழும்.

இப்ப பிளாஸ்டிக் பை. இறுக்கி கட்டுனா வெளி தண்ணி கொஞ்சம் நிக்கும்தான், ஆனா அடாப்டர் சூட்டுக்கும் ராத்திரி குளிருக்கும் உள்ளயே வேர்த்து தண்ணி தேங்கும், அதுக்கு போக வழி இருக்காது. பிளக்கையும் எக்ஸ்டென்ஷனையும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுறதுதான் நல்லது. முடியலைன்னா உயரமா, கூரை அடியில, வாய் கீழ பாத்த மாதிரி தொங்க விடுங்க, வயர் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ இறங்கி மேல ஏறணும், அப்பதான் வயர் வழியா ஓடி வர்ற தண்ணி அங்கயே சொட்டிடும். லைட்டு வாங்குறப்ப பெட்டியில ஐபி நம்பர் பாருங்க, தண்ணி, தூசி எவ்வளவு தாங்கும்னு சொல்றது அது. ஐபி44 இருந்தா சாரல் தாங்கும், ஐபி65 இருந்தா பீச்சி அடிக்கிற தண்ணியே தாங்கும், பினாங்குல ஐப்பசி மழைக்கு நான் 65-தான் வாங்க சொல்வேன். ஆனா பல செட்டுல அந்த நம்பர் லைட்டு சரத்துக்கு மட்டும்தான், பிளக்குக்கு கிடையாது.

கேள்வி: அண்ணே, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன லைட்டு ரெண்டு கால் பிளக், மேல் ஓட்டையில பேனாவ குத்திதான் சொருகுறோம். இதனால ஏதாச்சும் ஆகுமா?
- ஒரு வாசகர், செந்தூல்

பதில்: ஆகும் தம்பி, இன்னைக்கே நிறுத்துங்க. அந்த மேல் ஓட்டை, எர்த் கால் போனாதான் கீழ ரெண்டு ஓட்டையோட மூடி திறக்கணும்னு செஞ்சது, சின்ன பிள்ளைங்க கம்பிய விட்டுடாம இருக்க. பேனாவால ஏமாத்தி சொருகுனா அந்த ஒல்லி கால் லூசா நிக்கும், சூடாகி கருகும். அதோட மூணு கால் 13 ஆம்பியர் பிளக்குக்குள்ள பியூஸ் இருக்கு, ரெண்டு கால் பிளக்குல பெரும்பாலும் இருக்காது. நூல் மாதிரி வயர்ல ஷார்ட் ஆனா டிபியில இருக்கிற எம்சிபி, அதான் கரண்டு அளவுக்கு மீறுனா வெட்டுற சுவிட்ச், விழுறதுக்குள்ள வயர் உருகிடலாம். ஹார்ட்வேர் கடையில சிரிம் முத்திரையோட (மலேசிய தரச் சான்று) ரெண்டு கால மூணு காலா மாத்துற, பியூஸ் வெச்ச அடாப்டர் கிடைக்கும், அத வாங்கி போடுங்க, போர்ச்சுல இல்ல, வீட்டுக்குள்ள இருக்கிற பாயிண்டுல. லைட்டு பெட்டியிலயே சிரிம் முத்திரை இல்லைன்னா அந்த செட்ட வெளிய மாட்டவே மாட்டாதீங்க.