ஆற்றில் கலக்கும் உரம் கடல் மீனை ஏன் பாதிக்கிறது?

உரம் செடிக்குச் சத்துதானே, அது கடலில் கலந்தால் மீன் ஏன் சாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சத்து அளவுக்கு மீறிப் போவதுதான் சிக்கலே.

பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் (உரத்தில் உள்ள நைட்ரஜன் சத்து) மழைநீரில் கரைந்து ஆற்றுக்குப் போய்விடும். பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு போகும். சாக்கடை நீர் இரண்டையும் கொண்டுவரும். முகத்துவாரத்தைத் தாண்டியதும் மிதவைப் பாசிகள் மளமளவென்று பெருகி, சில நாட்களிலேயே தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. பாசி செத்து அடியில் படிகிறது. அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. சரி, மேலிருந்து காற்று கலக்காதா? கோடையில் அது கடினம். எடை குறைந்த ஆற்றுநீர் வெயிலில் சூடாகி, கனமான உப்புநீரின் மேல் மூடி போட்டதுபோல மிதக்கிறது. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நீந்த முடிந்த மீன் ஓடிவிடும். சிப்பி எங்கே போகும்? சேற்றுக்குள் வாழும் புழுக்கள்கூட மூச்சுக்குத் தவித்து வெளியே வந்து கிடக்கும்.

மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் சேரும் இடத்தில் இது கோடைதோறும் நடக்கிறது. 2017-இல் அளந்தபோது ஆக்சிஜன் இல்லாமல் போன அந்த ‘இறந்த மண்டலத்தின்’ பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்.

பாஸ்பரஸை மட்டும் குறைத்தால் போதாது. கடலோரத்தில் பாசியின் கடிவாளம் பெரும்பாலும் நைட்ரஜன் கையில்தான் இருக்கிறது. இரண்டையும் குறைத்தால் கடல் மீளும். 1990-களில் சோவியத் வீழ்ச்சிக்குப் பின் கருங்கடலில் கலக்கும் டான்யூப் ஆற்றின் படுகையில் உரப் பயன்பாடு சரிந்தது. கருங்கடலின் வடமேற்குப் பகுதி மெல்லத் தேறத் தொடங்கியது.