மல்யுத்தக்காரனின் இரவுச் சாப்பாடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தலைநகர் டிமாய்னுக்கு அருகே பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளி மல்யுத்தம் என்பது நம்மூர்த் தேர்த்திருவிழாவைப் போன்றது. என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. பள்ளி அணியில் இருக்கிறான். எங்கள் வீட்டில் தினமும் ஒரே விவாதம்தான். மாநிலத்தின் மிகச் சிறந்த பள்ளி மல்லர் டான் கேபிள் என்று நான் சொல்கிறேன்; ஜெஃப் மெக்கின்னஸ் என்று அவன் சொல்கிறான். பயிற்சியாளர்களில் நான் பாப் சிடன்ஸைச் சொன்னால், பட்டங்களை எண்ணிப் பார்த்துத்தான் யாரையும் ஏற்பேன் என்கிறான். பின்னாளில் ஒலிம்பிக்கில் வென்றதையும் கணக்கில் எடுக்கலாமா? பெண்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டுமா? கல்லூரிக் காலத்தில் நீங்கள் குஸ்தி போட்டதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

கோடையில் 146 பவுண்டு இருந்தவன் இந்தப் பருவத்தில் 132 பவுண்டுப் பிரிவில் இறங்குகிறான். அதற்காக வாரத்தில் மூன்று இரவுகள் சாப்பிடுவதில்லை. அந்த மன உறுதியைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யார் பெரியவர் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், இரண்டு மாதங்களாக நான் நார்மன் போர்லாகின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும், கோதுமை விஞ்ஞானியாக உலகம் அறிந்த அந்த மனிதர் உங்கள் மாநிலத்துக் கிரெஸ்கோ என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பழகியவர் என்பதும்தான். இன்னொரு காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு வழக்கு. கேபிள் வாட்டர்லூ வெஸ்ட் பள்ளிக்காக 64 போட்டிகளில் இறங்கி 64-ஐயும் வென்று, 1964 முதல் 1966 வரை மூன்று முறை மாநிலச் சாம்பியன் ஆனார். மெக்கின்னஸ் அயோவா சிட்டி ஹை பள்ளிக்காக 172 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல், நான்கு பட்டங்களுடன் 1993-இல் பள்ளியை முடித்தார். முன்னவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்கள், பருவத்துக்கு ஏறத்தாழ இருபத்தொரு போட்டிகள்; பின்னவருக்கு நான்கு பருவங்கள், பருவத்துக்கு நாற்பத்து மூன்று போட்டிகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எண்களை வைத்துத்தான் பேசுவோம் என்றால், 1962-இல் மாநிலத்திலேயே முதன்முதலாக நான்கு பட்டங்களை நிறைவு செய்த பிரிட் ஊரின் பாப் ஸ்டீன்லாகும், 161 போட்டிகளில் தோல்வி அறியாத கிளின்டனின் டான் நைட்டும் உங்கள் இருவருடைய பேச்சிலும் ஏன் வரவில்லை? பள்ளிக் கணக்கு மட்டும் என்றால் உங்கள் மகன் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது. நீங்கள் கேபிளைத் தேர்ந்தெடுப்பது, 1972-இல் மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் அவர் தங்கம் வென்றது தெரிந்த பிறகு. பள்ளி மல்லரைத் தேடுகிறவர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடக் கூடாது.

பெண்களைச் சேர்ப்பதா என்பது கேட்கவே வேண்டியிராத கேள்வி. 2011-இல் இரண்டு சிறுமிகள் முதன்முதலாக உங்கள் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது, அவர்களில் ஒருத்தியுடன் மோத மாட்டேன் என்று ஒரு பையன் விலகிக்கொண்டான். பெண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனிப் பருவம் 2022-23-இல்தான் வந்தது. வாசலை அடைத்து வைத்திருந்த காலத்தின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை என்றால் குறை பட்டியலுடையது.

பயிற்சியாளர்களைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். பாப் சிடன்ஸ் 1950 முதல் 1977 வரை வாட்டர்லூ வெஸ்ட் பள்ளியில் இருந்து 327 வெற்றிகளும் 26 தோல்விகளும் 3 சமநிலைகளும் கண்டவர். 11 மாநிலப் பட்டங்கள் பெற்றவர். எண்ணிப் பார்த்து ஏற்கும் உங்கள் மகனுக்கும் இது போதுமானது. ஆனால் பட்டங்களால் ஒரு பள்ளிப் பயிற்சியாளரை அளக்கலாம் என்பதையே நான் ஏற்கவில்லை. கேபிள் பின்னாளில் அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 15 தேசியப் பட்டங்களை வென்றார் என்றால், நாடெங்கும் தேடி வளர்ந்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு அந்த வசதி இல்லை. அந்த ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்ததோ அந்தப் பிள்ளைதான் அவரிடம் வரும். கேபிள் அந்த ஊரில் பிறந்தது சிடன்ஸின் திறமை அல்ல, பேறு.

சிடன்ஸின் திறமை என்று நான் மதிப்பது வேறொன்றை. 1964-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசியில், பெற்றோருடன் கேபிள் மீன்பிடிக்கப் போயிருந்தபோது, வீட்டில் தனியாக இருந்த அக்கா டயானை அண்டை வீட்டுப் பையன் ஒருவன் கொன்றுவிட்டான். அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று பெற்றோர் கலங்கி நின்றபோது, அக்காவின் அறைக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டு அவர்களை அங்கேயே இருக்கச் செய்தான் அந்தப் பிள்ளை. அப்போது அவனுக்கு உங்கள் மகனின் வயதுதான், பதினைந்து. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த மாணவன் அடுத்த இரண்டு ஆண்டுகளும் நிலைகுலையாமல் தன் ஆசிரியரிடம் வந்து நின்றான் என்பதையும், வாழ்நாள் முழுவதும் அந்த ஆசிரியரை நன்றியோடு பேசினான் என்பதையும் எந்தப் பட்டத்தைக் கொண்டு எண்ணுவீர்கள்?

இருந்தாலும் என்னைக் கேட்டால் நான் சொல்லும் பெயர் சிடன்ஸும் அல்ல. கிரெஸ்கோவின் டேவ் பார்டெல்மா. போர்லாக் அவரிடம் பழகியவர். பார்டெல்மா பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சியாளராக வந்தார். அங்கே போர்லாக் வட்டாரப் போட்டியின் அரையிறுதி வரை போனார், அதற்கு மேல் இல்லை. இருவருமாக மினசோட்டாவின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ச் செய்து காட்டி, அந்த மாநிலத்தில் பள்ளி மல்யுத்தம் வேர்விட வழிசெய்தார்கள். போர்லாகை 1992-இல் தேசிய மல்யுத்தப் புகழரங்கில் சேர்த்தது அவர் வென்ற போட்டிகளுக்காக அல்ல. கொடுக்க முடிந்ததற்கும் ஒரு பங்கு மேலே கொடுக்கும் பழக்கத்தைக் கற்றுத்தந்தவர் என்று அவர் தன் ஆசிரியரைக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். மெக்சிகோவின் கோதுமை வயல்களில் ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் விதைத்து, வெயிலில் குனிந்து கையால் மகரந்தம் மாற்றிய மனிதருக்கு அந்தப் பழக்கம் தேவைப்பட்டது. நடுத்தரமாக விளையாடிய ஒரு மாணவனுக்குள் அப்படி ஒன்றை வைத்து அனுப்பியவர் என்பதால்தான் பார்டெல்மாவைச் சொல்கிறேன்.

இனி அந்த மூன்று வரிகள்.

வாரத்தில் மூன்று இரவுகள் உங்கள் மகன் சாப்பிடுவதில்லை. அதைக் கேபிளுக்கும் மெக்கின்னஸுக்கும் பின்னால், கடிதத்தின் வாலில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெருமை என்றும் பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது; ஆனால் கடிந்துகொள்ளாமல் இந்தப் பதிலை முடிக்க என்னால் முடியாது.

1981-இல் நான் கல்லூரி அணியில் இருந்தேன். என் எடை 61 கிலோ. 62 கிலோப் பிரிவில் என்னைவிடத் திறமையான அண்ணன் ஒருவர் இருந்ததால் 57-க்கு இறங்கச் சொன்னார் எங்கள் மாஸ்டர். அவர் கொடியவர் அல்லர். என் தோள் எலும்பு விலகியபோது சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவர். மாதக் கடைசியில் தன் காசில் எங்களுக்கு இட்லி வாங்கித் தந்தவர். அவருக்கும் அப்படித்தான் யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் வெயிலில் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மைதானத்தை ஓடிச் சுற்றினேன். ஓடி முடித்ததும் புளியை வாயில் அடக்கி, ஊறும் எச்சிலை ஒரு தகர டப்பாவில் துப்பிக்கொண்டே இருந்தேன். கடைசி இரண்டு நாட்கள் தண்ணீரும் இல்லை. இரவில் விடுதி மெஸ்ஸில் தோசை வார்க்கும் ஓசை கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். எடை பார்த்தபோது 57 கிலோவுக்கு நூறு கிராம் குறைவாக நின்றது. மாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டார். அன்று மாலையே இரண்டாவது சுற்றில் எதிராளி என் காலைப் பிடிப்பதற்கு முன்பே என் கால்கள் மடிந்தன. கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய் என்று டாக்டர் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் எனக்கு மறக்காதது மயக்கமும் இல்லை, தோல்வியும் இல்லை. மறுநாள் ஊரிலிருந்து வந்த என் அப்பா, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம், "மூணு நாளு பச்சத்தண்ணி படாம இருந்தான் சார், அப்படி ஒரு வைராக்கியம்" என்று சொன்னதுதான். என் அப்பா என்னை உயிராக நேசித்தவர். அந்தச் சொல்லைக் கேட்டதால்தான் ஆறு மாதம் கழித்து அதே காரியத்தை இன்னொரு முறை செய்தேன். என் சிறுநீரகம் இன்றும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் சொன்னபோது நான் தயங்கினேன். அப்பா பெருமைப்பட்ட பிறகு தயங்கவில்லை. உங்கள் மகன் சாப்பிடாமல் எழுந்து போகும்போது நீங்கள் எந்த முகத்தோடு அவனைப் பார்க்கிறீர்கள் என்பதை அவன் கவனித்துக்கொண்டிருக்கிறான், ஆர்.

இது பழைய காலத்து அறியாமை என்று ஒதுக்காதீர்கள். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், ஐந்து வாரங்களுக்குள், வட கரோலினாவிலும் விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் மூன்று கல்லூரி மல்லர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே இறந்தார்கள். வியர்வை உடை, சூடான அறை, நிறுத்தாத பயிற்சி, தண்ணீரில்லாத உடல். அதன் பிறகுதான் கல்லூரிகளில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் போட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது. பள்ளிகளுக்கும் விதிகள் வந்தன. பருவத் தொடக்கத்தில் பிள்ளையின் சிறுநீரைச் சோதித்து, உடலில் நீர் குறையவில்லை என்று உறுதி செய்த பிறகே அவனுடைய குறைந்தபட்ச எடையை முடிவு செய்ய வேண்டும்; பையன்களுக்கு உடற்கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கீழேயும் பெண்பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்குக் கீழேயும் போகாதபடி அந்த எடை அமைய வேண்டும்; வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. உங்கள் மகனுக்கு அது வாரத்துக்கு இரண்டு பவுண்டு அளவில்தான் வரும். அந்தச் சோதனையில் அவனுக்கு என்ன எடை விதிக்கப்பட்டது என்று பயிற்சியாளரிடம் கேட்டீர்களா? 132 அனுமதிக்கப்பட்டே இருக்கலாம். அனுமதி என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. அங்கே போயே தீர வேண்டும் என்ற கட்டளை அல்ல. அந்த எல்லைக்குப் பட்டினி வழியாகப் போகலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

நீங்கள் கொண்டாடும் கேபிள் பள்ளியின் கடைசி ஆண்டில் 112 பவுண்டுப் பிரிவில் மோதினார். ஆறு ஆண்டுகள் கழித்து மியூனிக்கில் அவர் வென்றது 68 கிலோவில், அதாவது ஏறக்குறைய 150 பவுண்டில். பதினைந்து வயது என்பது உடல் மேலே போகத் துடிக்கும் வயது. அதை இழுத்துப் பிடித்து 14 பவுண்டு கீழே இறக்குகிறீர்கள். அவன் 144 பவுண்டுப் பிரிவில் இறங்கித் தோற்கட்டும். அணியில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் அணியில் ஓராண்டு இருக்கட்டும்.

போர்லாகிடமே திரும்பி வருகிறேன். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், படிப்புச் செலவுக்காக வேலை செய்துகொண்டிருந்த அந்த மல்லர், பட்டினியால் ஒடுங்கிப்போயிருந்த வேலையற்ற இளைஞர்கள் நடுவே நாட்களைக் கழித்தார். ஒழுங்காகச் சாப்பாடு கிடைத்த சில வாரங்களில் அவர்களுடைய உடல் மட்டுமல்ல, பேச்சும் நடையும் மாறியதைக் கண்டதாகவும், தன்னில் அது அழியாமல் பதிந்ததாகவும் சொல்லியிருக்கிறார். 1963-இல் அவரை இந்தியாவுக்கு வரவழைக்கப் பாடுபட்டவர் நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். போர்லாக் தொடங்கிய உலக உணவுப் பரிசு 1987-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் சுவாமிநாதன்தான். அந்தப் பரிசின் மண்டபம் உங்கள் டிமாய்னில், ஆற்றங்கரையில், பழைய பொது நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அந்த ஊருக்கு அருகே இருக்கிறீர்கள். உங்கள் மகனை அங்கே ஒருமுறையாவது அழைத்துக்கொண்டு போனீர்களா? அடுத்த சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். மல்யுத்தத்தில் அரையிறுதியோடு நின்ற ஒருவரின் பெயர் அங்கே ஏன் இருக்கிறது என்று அவனே கேட்பான்.

போவதற்கு முன் அவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள். பயிற்சியாளரிடம் பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.