கட்டையைச் சுழற்றாதீர்கள், மூலையைப் பிடியுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். விமானப்படையின் ஏ.எஃப்.கேட் தேர்வுக்குத் தயாராகிறேன். கணக்கு, ஆங்கிலம் பரவாயில்லை. முகங்களில் குறிகள் உள்ள கனசதுரக் கட்டையைச் சுழற்றிக் காட்டும் கேள்விகளில்தான் நேரமும் போகிறது, விடையும் தப்பாகிறது. இது பிறவியிலேயே வர வேண்டிய திறமையா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இல்லை, பழக்கத்தில் வருவதுதான். புத்தகத்தில் போட்டுப் பார்க்கும்போது பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். தேர்வு கணினித் திரையில் நடக்கிறது. அங்கே திருப்ப எதுவும் இல்லை.

முழுக் கட்டையையும் மனசுக்குள் உருட்டப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பாதி வழியில் ஒரு முகம் நினைவிலிருந்து நழுவிவிடும். ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சேரும் மூன்று முகங்களைக் கடிகாரச் சுற்றில் படியுங்கள்: வட்டம், கோடு, புள்ளி. எப்படிச் சுழற்றினாலும் இந்த வரிசை மாறாது. விடையில் வட்டம், புள்ளி, கோடு என்று வந்தால் அது கண்ணாடிப் பிம்பம், அடித்துவிடுங்கள். நம்மை ஏமாற்ற வைக்கும் விடை பெரும்பாலும் இதுதான். முகத்தில் அம்புக்குறி இருந்தால், அது எந்த முகத்தை நோக்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விரித்த அட்டையைக் கனசதுரமாக மடிக்கும் கேள்விக்கு: நேர்வரிசையில் ஒரு கட்டம் விட்டு அடுத்த கட்டம் எதிர்முகம். எதிரெதிர் முகங்கள் ஒரே படத்தில் சேர்ந்து தெரியவே தெரியாது. இதை வைத்தே சில விடைகளை நீக்கிவிடலாம். பகடை என்றதும் எதிர்முகங்களின் கூட்டுத்தொகை 7 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியில் வரும் பகடைக்கு அந்த விதி பொருந்த வேண்டியதில்லை.

வீட்டில் பழக, பழைய காலண்டர் அட்டை போதும். கனசதுரத்தை 11 வகையாக விரிக்கலாம், 5 செ.மீ. கட்டங்களாக வரைந்து அத்தனையையும் வெட்டுங்கள். எதிர்முகம் எது என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு மடியுங்கள். எழுதாமல் மடித்தால் கைதான் வேலை செய்யும், மூளை சும்மா இருக்கும்.

பெரிய படத்துக்குள் மறைந்த சிறிய உருவத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு, அந்தச் சிறிய உருவத்திலுள்ள கூரான கோணத்தை மட்டும் முதலில் தேடுங்கள்.

கேள்வி: ஏ.எஃப்.கேட் தேர்வில் தெரியாததை ஊகித்துப் போடலாமா?
– வாசகர், தேனி

பதில்: சரிக்கு 3 மதிப்பெண், தவறுக்குக் கழிவு 1, விடைகள் நான்கு. கண்ணை மூடிப் போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் துணிந்து போடுங்கள். 100 கேள்விக்கு 120 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 72 வினாடி. படக் கேள்வி ஒரு நிமிடம் தாண்டினால் விட்டுவிட்டு நகருங்கள்.