மாங்கூழ் ஆலையிலிருந்து வகுப்பறைக்கு

வணக்கம் ஐயா,

பி.டெக். கெமிக்கல் முடித்துவிட்டு, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஒன்பது வருடமாக உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். இடையில் எம்.டெக்.கும் முடித்தேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறையும் என்று வீட்டில் தயங்குகிறார்கள். என் தயக்கம் வேறு. பாடத்திட்டம் முழுக்கச் சமன்பாடுகள். பாய்லரோடும் பம்போடும் மல்லுக்கட்டிய அனுபவம் அங்கே எதற்குப் பயன்படும்? நீங்கள் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

போங்கள். சம்பளக் கணக்கை நீங்கள் வீட்டில் பேசித்தான் முடிக்க வேண்டும். ஆனால் ஆலை அனுபவம் வகுப்புக்கு உதவாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நம் துறையே அப்படி வந்ததுதான். 1887-ல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் 12 சொற்பொழிவுகள் நடத்தினார். வேதிப் பொறியியலைத் தனிப் படிப்பாகப் பார்ப்பது அங்கேதான் உருப்பெற்றது. அவர் ஆலைகள் வெளியேற்றும் அமில வாயுவைக் கட்டுப்படுத்திய ஆல்கலி சட்டத்தின் கீழ் ஆலைகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்தவர். என்ன சரக்கு செய்தாலும் சூடாக்குவது, வடிப்பது, ஆவியாக்குவது என்ற வேலைகள் திரும்பத் திரும்ப வருவதை அத்தனை ஆலைகளைப் பார்த்தவரால்தான் சொல்ல முடிந்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டின் மீனை 121 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது, மாங்கூழுக்கு மட்டும் கொதிநிலைக்குக் கீழேயே ஏன் போதும்? கூழின் பிஎச் (அமில அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருப்பதால், உணவை நஞ்சாக்கும் பொட்டுலினம் கிருமி அதில் வளராது. இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். அடுத்து, புத்தகத்துக் கணக்குகளில் குழாய்க்குள் பெரும்பாலும் தண்ணீர்தான் ஓடும். உங்கள் குழாயில் ஓடுவது வேகமாகத் தள்ளத் தள்ள இளகும் கூழ். அது சுழன்று கலக்காமல் அடுக்கடுக்காக நகர்வதால் நடுவில் இருப்பதற்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, சுவரை ஒட்டியிருப்பது தீய்ந்து படியும். வெப்பமாற்றியில் ஏன் படிவு சேர்கிறது, ஏன் நீராவி கூடுதலாகக் குடிக்கிறது என்று ராத்திரி ஷிப்டில் தேடியவர் நீங்கள். வெப்பமாற்றச் சமன்பாட்டுக்கு உங்களைவிட நல்ல ஆசிரியர் யார்?

எனக்கு மிகவும் பிடித்தது கழிவுநீர். கிளிமூக்கு மாம்பழ சீசன் வந்தால் ஆலை இரவும் பகலும் ஓடும், அப்புறம் பல மாதம் சும்மா கிடக்கும். ஈடிபி-யில், அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், உள்ள பாக்டீரியாவுக்கோ தினமும் தீனி வேண்டும். பட்டினி கிடந்த தொட்டியில் திடீரென்று சர்க்கரை நிறைந்த தண்ணீர் வந்து கொட்டினால் அது திணறிவிடும். சாணத்தைக் கரைத்து ஊற்றி எப்போது உயிர்ப்பிக்கத் தொடங்குவது, எத்தனை நாள் முன்பே? புத்தகங்கள் பெரும்பாலும் நிலையான ஓட்டத்தை வைத்தே பாடத்தைத் தொடங்குகின்றன. நம் மாவட்டத்தின் ஆலைகள் அப்படி ஓடுவதில்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

பரப்புக்கவர்ச்சி (ஒரு பொருளின் மேற்பரப்பில் இன்னொன்று ஒட்டிக்கொள்வது) பாடம் வரும்போது ஃப்ளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் ஃப்ளோரைடால் பல் கறை படிந்தவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்பதும், நுண்துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் அலுமினா அதை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதும் அவர்களுக்கு வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்பதும் சேர்ந்தே புரியும்.

கல்லூரியும் உங்களுக்கு ஒன்று தரும். ஆலையில் கோளாறு சரியானதும் அடுத்த வேலைக்கு ஓடிவிடுவோம், காரணம் தேட யாருக்கும் நேரம் கிடையாது. வகுப்பில் பின்பெஞ்சுப் பையன் "ஏன் சார்?" என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை. நான் பல வருடம் கையால் செய்த வேலைகளின் காரணம் எனக்குத் தெளிவானது பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான். இதை ஆசிரியர் வேலையின் பெரிய வரமாக நினைக்கிறேன்.

முனைவர் பட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாமல் மேலே போவது கஷ்டம். தலைப்புக்காக எங்கும் அலைய வேண்டாம், அந்த ஈடிபி பிரச்சினையே போதும். இன்னொன்று, வேலையில் சேரும் முன்பே நிர்வாகத்திடம் பேசிக்கொள்ளுங்கள்: சீசன் நேரத்தில் மாணவர்களை இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு உங்கள் பழைய ஆலைக்கு அழைத்துப்போக அனுமதி வேண்டும் என்று. ஆலை முதலாளியிடமும் இப்போதே கேட்டு வையுங்கள். வேலையை விட்டபிறகு கேட்பதைவிட, நல்ல பெயரோடு விடைபெறும்போது கேட்பது எளிது.