46 டொலர் எதற்கு? பார்சல் வரி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனுக்காக ஓர் அமெரிக்கக் கடையில் கணினி கீபோர்ட் ஒன்று ஓடர் செய்தேன். கனேடியக் காசில் 95 டொலர். அனுப்பும் செலவையும் அப்போதே கட்டிவிட்டேன். பார்சலைக் கொண்டுவந்த சாரதி, இன்னும் 46.25 டொலர் கட்டினால்தான் தருவேன் என்று வாசலில் நிற்கிறார். கட்டித்தான் வாங்கினேன். சுங்கத்தில் இவ்வளவு வரியா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: இல்லை அக்கா, வரி அதில் கால்வாசிதான். நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 12.35 டொலர். அது ஒன்ராறியோவின் 13 சதவீதம், கெனடி ரோட்டில் உள்ள கடையில் வாங்கியிருந்தாலும் கட்டியிருப்பீர்கள், அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே புரோக்கரேஜ் என்று 22 டொலர், வாசலில் காசு வாங்கியதற்கு என்று 8 டொலர், இந்த இரண்டுக்கும் மேல் மறுபடி 13 சதவீதம், 3.90. ஆக 33.90 டொலர் கூரியர்காரர் போட்ட கணக்கால் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கென்று தனியாகப் போடும் சுங்கத் தீர்வை ஒரு சதமும் இல்லை.

ஏன் தீர்வை இல்லை என்றால், 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியரில் வரும் பொருள் 40 கனேடிய டொலர் வரை என்றால் வரியும் இல்லை, தீர்வையும் இல்லை. 40-க்கு மேல் 150 வரை என்றால் வரி மட்டும். தபாலில் வருவதற்கு இந்தச் சலுகை கிடையாது, வேறு நாட்டிலிருந்து வருவதற்கும் கிடையாது, அங்கெல்லாம் பழைய 20 டொலர் எல்லைதான்.

புரோக்கரேஜ் என்பது உங்கள் பெயரில் சுங்கத்துக்குக் கணக்குக் காட்டியதற்குக் கூரியர் நிறுவனம் எடுக்கும் கூலி. அரசாங்கத்துக்கு அதில் பங்கில்லை, அந்தத் தொகையை நிர்ணயிப்பதும் அரசாங்கம் இல்லை. 3,300 டொலருக்கு உட்பட்ட சிறு பார்சல்களைக் கூரியர் நிறுவனங்கள் மொத்தமாகச் சேர்த்துக் கணக்குக் காட்ட சுங்கத்திலேயே ஒரு தனித் திட்டம் இருக்கிறது. அப்படியிருக்க ஒரு கீபோர்டுக்கு 22 டொலர் கூலி என்பது என்னைக் கேட்டால் அநியாயம். ஆனால் சட்டவிரோதம் இல்லை.

சரி, அடுத்த முறை என்ன செய்யலாம்? ஓடர் செய்யும்போதே எப்படி அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். இதே கீபோர்ட் தபாலில் வந்திருந்தால் வரி 12.35, கனடா போஸ்ட்டின் கையாளும் கட்டணம் 9.95, மொத்தம் 22.30 டொலரோடு முடிந்திருக்கும். (கணினிச் சாமானுக்குத் தீர்வை இல்லாததால் இந்தக் கணக்கு. உடுப்பு, சப்பாத்து என்றால் தபாலில் தீர்வையும் சேரும், உடுப்புக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 சதவீதம், அப்போது 150 டொலருக்குள் கூரியரே மலிவாக வந்தாலும் வரலாம், இரண்டையும் போட்டுப் பாருங்கள்.) தபால் வசதி இல்லாத கடை என்றால், தரைவழியாக வரும் மலிவான சேவையை விட விமானத்தில் வரும் எக்ஸ்பிரஸ் சேவையை ஒருமுறை பாருங்கள். பல கூரியர்களில் எக்ஸ்பிரஸ் விலைக்குள்ளேயே புரோக்கரேஜ் அடங்கிவிடும், மலிவு என்று நாங்கள் விழுந்தடித்துத் தெரிவு செய்யும் சேவையில்தான் அது தனியாக ஏறும். வரியையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன, அங்கே கடைசியில் வரும் மொத்தத் தொகைதான் உண்மையான விலை.

இன்னொரு வழி, சுங்க வேலையை நீங்களே செய்வது. பார்சல் வீட்டுக்கு வருவதற்கு முன் கூரியர் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தரும் பத்திரங்களோடு எல்லைச் சேவைகள் முகவரகமான சி.பி.எஸ்.ஏ. அலுவலகம் ஒன்றுக்குப் போனால் வரியை அங்கேயே வாங்கிக்கொண்டு அதற்கான படிவம் தருவார்கள், அதைக் காட்டிப் பார்சலை எடுக்கலாம், புரோக்கரேஜ் கட்டத் தேவையில்லை. 22 டொலருக்காக அரைநாள் லீவு போட்டு இதைச் செய்யச் சொல்லமாட்டேன். பொருளின் விலை ஏற ஏற புரோக்கரேஜும் ஏறும் என்பதால் பெரிய சாமானுக்கு மெனக்கெடலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பிள்ளைகளுக்கு உடுப்பும் பலகாரமும் அனுப்பப்போகிறா. அன்பளிப்பு என்று எழுதினால் வரி வராதுதானே? பெறுமதி 10 டொலர் என்று போடச் சொல்லட்டுமா?
- வாசகர், மார்க்கம்

பதில்: அன்பளிப்புக்கு எல்லை 60 கனேடிய டொலர். அதற்கு மேல் போனால் மிஞ்சிய தொகைக்கு மட்டும்தான் வரி. 100 டொலர் சாமான் என்றால் 40-க்குக் கணக்குப் பார்ப்பார்கள். அம்மா சொந்தமாக உங்களுக்கு அனுப்புவதாக இருக்கவேண்டும், நீங்கள் காசு கட்டிக் கடைக்காரர் அனுப்பினால் மேலே என்ன எழுதியிருந்தாலும் அது அன்பளிப்பு இல்லை. மதுவும் புகையிலையும் இதில் சேராது. பார்சலுக்குள் ஒரு வாழ்த்து அட்டை வைக்கச் சொல்லுங்கள், சுங்கப் படிவத்தில் அன்பளிப்புக்கான கட்டத்தில் அடையாளம் போட்டு, உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள், சும்மா 'சாமான்கள்' என்று எழுதினால் பிரித்துப் பார்க்கத்தான் தோன்றும்.

பொய்ப் பெறுமதி வேண்டாம். சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரி தானே ஒரு விலை போடுவார். பார்சல் தொலைந்தால் நட்டஈடும் நீங்கள் எழுதிய 10 டொலருக்குத்தான்.

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில். முன்பெல்லாம் 800 டொலர் வரை அமெரிக்காவுக்கு அனுப்பினால் எதுவும் கேட்கமாட்டார்கள். இப்போது ஒரு புடவை அனுப்பினாலும் பில் வருகிறதே?
- வாசகி, மிசிசாகா

பதில்: அந்த 800 அமெரிக்க டொலர் சலுகையை 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். அன்பளிப்பு மட்டும் 100 அமெரிக்க டொலர் வரை வரியில்லாமல் போகும். அதற்கு மேற்பட்ட புடவை என்றால், தபாலில் அனுப்பும்போது வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டவேண்டியிருக்கும். பட்டுப்புடவையை மகள் வரும்போது பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

கேள்வி: 'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 2.99 டொலர் கட்டுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தது. கட்டலாமா?
- வாசகர், பிரம்டன்

பதில்: வேண்டவே வேண்டாம். கனேடியச் சுங்கம் குறுஞ்செய்தியில் காசு கேட்பதில்லை. உண்மையிலேயே பார்சல் வரவேண்டியிருந்தால் கடை கொடுத்த இலக்கத்தைக் கூரியரின் இணையத்தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள்.

கேள்வி: அளவு சரியில்லை என்று சப்பாத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கடை விலையைத் தந்துவிட்டது. கட்டிய வரி போனது போனதுதானா?
- வாசகர், அஜாக்ஸ்

பதில்: போகாது. சி.பி.எஸ்.ஏ.யின் பி2ஜி படிவத்தை நிரப்பி, வரி கட்டிய பில், திருப்பி அனுப்பிய ரசீது, கடை காசைத் திருப்பித் தந்ததற்கான ஆதாரம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். தீர்வையும் வரியும் திரும்பி வரும், கொஞ்சம் தாமதமாகும். புரோக்கரேஜ் திரும்பாது, சுங்கம் வாங்காத காசை அவர்கள் எப்படித் தருவது? கூரியரிடம் கேட்டுப் பார்க்கலாம். பிழை கடையுடையது என்றால், உதாரணமாக நீங்கள் 9 கேட்க அவர்கள் 7 அனுப்பியிருந்தால், அந்தக் கட்டணத்தையும் தரும்படி கடையிடம் கேளுங்கள், வாயைத் திறந்து கேட்பவர்களுக்குப் பல கடைகள் கொடுக்கின்றன.