பதில்: டெண்டர் தொடரைப் பரிசுக்கு அனுப்பலாமா?

நகராட்சி டெண்டர் முறைகேடு பற்றி நீங்களும் சக நிருபரும் எழுதிய தொடரை ரொக்கப் பரிசுக்கு அனுப்பலாமா, ஜெயித்தால் பணம் யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பணப் பேச்சை ஆசிரியரிடம் இப்போதே முடித்துவிடுங்கள். ஜெயித்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். யாருக்கு எவ்வளவு என்பது ஒரு மின்னஞ்சலிலாவது இருக்கட்டும். அமெரிக்காவின் பெயர்பெற்ற பத்திரிகைத் துறைப் பரிசான புலிட்சரையே பாருங்கள்: உள்ளூர்ச் செய்திப் பிரிவில் 15,000 டாலர் ரொக்கம், பொதுச்சேவைப் பிரிவிலோ பணமே கிடையாது, தங்கப் பதக்கம் மட்டும், அதுவும் நிறுவனத்துக்கு. ஆகவே விதிமுறையைப் படிக்காமல் எதையும் ஊகிக்காதீர்கள்.

ஒப்பந்ததாரர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸைச் சொல்லாமல் விடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். செய்தியின் துல்லியத்தை யாராவது கேள்வி கேட்டிருந்தால் அதையும், வெளியிட்ட திருத்தங்களையும் விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்கிறது புலிட்சர். நீங்கள் அனுப்பும் இடத்தில் கேட்காவிட்டாலும் நோட்டீஸையும் உங்கள் பதிலையும் சேர்த்தே வையுங்கள். நடுவர்கள் தாங்களாகத் தெரிந்துகொண்டால் கதை கந்தல்.

முகப்புக் கடிதத்தில் பக்கம் பக்கமாகப் பெருமை பேச வேண்டாம். ஆவணங்கள் எப்படிக் கிடைத்தன, செய்திக்குப் பிறகு என்ன மாறியது, இதைச் சொன்னால் போதும். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது; நடுவர்களும் வெளியாட்கள்தான்.

அப்புறம், பரிசுப் பணத்தைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். நீங்கள் எழுதும் துறையிலேயே தொழில் செய்கிறவர்கள் என்றால், தொகை எவ்வளவு பெரிதானாலும் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.